இடது கண்ணின் வாக்குமூலம்

1986 ஒக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து பனிப்புகார். பதினொரு மணிக்கும் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. இது என் கண்ணின் குற்றம் அல்ல. இவருக்கும் தெரியவில்லை, கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

வியாழன் கண் ஆஸ்பத்திரி. அதற்குள் செய்ய வேண்டியவை:

– மாவட்டம் தாண்டிப் போக அனுமதித் தாள். இவர் நாளை கந்தோருக்குப் போவார்.
– வைத்தியத்துக்கான தாள், அது வேறு கந்தோர், வேறு வரிசை.
– கறுப்புக் கண்ணாடி. மருந்து விட்ட பிறகு வெளிச்சம் ஏலாது.
– கை மடிக்கக்கூடிய சட்டை.
– வாழைப்பழம் இரண்டு. ஊசிக்குப் பிறகு குமட்டும்.

இனி இ.க. என்றால் இடது கண், வ.க. என்றால் வலது. எழுத்து மிச்சம். ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், பதினொரு வருடம் சுருக்கெழுத்தும் தட்டச்சும். பழக்கம் விடாது.

இந்தக் கொப்பியை வாங்கியது கணக்குக்கும் இல்லை, நாட்குறிப்புக்கும் இல்லை, கடிதம் எழுதத்தான். கடையில் பெட்டி பெட்டியாகக் கோடு போட்டதுதான் இருந்தது. மூன்று கிழமைக்கு முன் வ.க.வைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். சும்மாதான். நடுவில் உள்ள பெட்டிகள் நெளிந்து நின்றன. கையை எடுத்தால் நேர். முதல் நாள் கொப்பியில் பிழை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் குசினிச் சுவரின் வெள்ளைக் கற்களும் நெளிந்தன. மூன்றாம் நாள் பிழை எங்கே என்று விளங்கிவிட்டது.

ஒருவருக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

போன வருடம் கன்னத்துக்குள், மூக்கோடு ஒட்டி வந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். பிறகு ஆறு கிழமை கரண்ட் பிடித்தார்கள். கரண்ட் என்பது ஹைமில், இந்த அகதி விடுதியில், எங்கள் ஆட்களின் சொல், ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு. கட்டி போய்விட்டது. ஆனால் கண் அதே பாதையில் இருந்ததால் அதற்கும் கொஞ்சம் பட்டது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூடக் கண்ணின் பின்பக்கத்து நரம்புத்திரையில் இரத்தக் குழாய்கள் பழுதாகலாம் என்று அப்போதே சொன்னார்கள். அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம்.

ஆக எனக்குச் சொல்லாமல் ஒன்றும் வரவில்லை. சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறது.


ஒக்டோபர் 7, செவ்வாய்

இவர் காலை ஏழு மணிக்குப் போய் இரண்டரைக்கு வந்தார். அனுமதித் தாள் கிடைத்தது. வியாழன் ஒரு நாளைக்கு மட்டும், அந்த ஊருக்கு மட்டும். "வழியில ஒரு இடத்திலயும் இறங்கக் கூடாதாம்" என்றார். இறங்கி என்ன செய்யப்போகிறோம்.

குசினியில் யோகம் அக்கா காளான் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறை அவருக்கு. ஹைமைப் பார்க்கிற மனிதர் வந்து பார்த்துவிட்டு, காட்டுக் காளானா என்று பதறிப்போனார். ரஷ்யாவில் அணு ஆலை வெடித்ததிலிருந்து இந்த நாட்டுக்காரருக்குக் கதிர் என்றால் நடுக்கம். கடைக் காளான்தான் என்று உறையைக் காட்டிய பிறகுதான் போனார். யோகம் அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உமக்குக் கரண்ட் பிடிச்சது தெரிஞ்சா இந்த ஆள் என்ன செய்வாரோ" என்றார். இருவரும் சிரித்தோம். நல்ல சிரிப்பு. நீண்ட நாளாயிற்று.

வியாழன் என்ன சொல்வது என்று யோசித்தபடி இருக்கிறேன். மார்ச் மாதம் போனபோது, பார்வையில் ஏதும் மாற்றம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது அப்போது உண்மை. பார்வை சோதிக்கிற பெண் அதைத் தட்டச்சில் அடித்து, திகதி போட்டு, கோப்பில் வைத்தாள்.

இவருடைய விசாரணையில் நடந்ததும் அதுதான். முதல் முறை, ஆமி பிடித்து நாலு நாள் வைத்திருந்தது என்றார். இரண்டாம் முறை ஐந்து நாள் என்றார். பிடித்த நாளைச் சேர்த்து எண்ணினால் ஐந்து, விட்டால் நாலு. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த்ராக், எங்கள் அகதி விண்ணப்பம், நிராகரிப்பு. காரணம்: கூற்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இப்போது மேல்முறையீட்டில் கிடக்கிறது. அன்றிலிருந்து இந்த ஹைமில் யாருக்கு விசாரணை என்றாலும் இவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: முதல் சொன்னதையே சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நானே கச்சேரியில் எத்தனை பேரின் வாக்குமூலம் அடித்திருக்கிறேன். ஒப்பம் வைத்த பிறகு ஒரு எழுத்தும் மாற்ற விடமாட்டோம்.

எல்லாக் கந்தோரும் ஒரே கந்தோர்தான். ஆஸ்பத்திரிக் கடிதமும் நிராகரிப்பு வந்த அதே கழுகு முத்திரை உறையில் வைத்துத்தான் அலுமாரியில் கிடக்கிறது. கட்டி வந்தவள், இப்போது கண்ணும் போகிறவள், அதுவும் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவள். எங்களுக்கு இவள் தேவையா என்று கேட்கமாட்டார்களா.

சொல்லப் போவதில்லை. மார்ச்சில் சொன்னதேதான்.


ஒக்டோபர் 9, வியாழன்

மழை. பஸ், ரயில், பிறகு மேட்டில் நடை. பயந்த மாதிரி ஒருவரும் எங்கள் தாளைக் கேட்கவில்லை.

பார்வைச் சோதனை. சுவரில் வெளிச்சப் பலகை, எண்கள், மேலே பெரிது, கீழே போகப் போகச் சின்னது. எப்போதும் வ.க. முதலில். கடைசி வரி வரை வாசித்தேன். பிறகு வ.க.வை மூடிவிட்டு இ.க.வால் வாசிக்கச் சொன்னார்கள். அதே பலகை. மேலே மூன்று வரி தெரிந்தது. நாலாவதில் எண்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அதற்குக் கீழே புகார்.

வாசித்தேன். எல்லா வரியும். வ.க.வால் வாசித்ததை அப்படியே ஒப்புவித்தேன். ஒருமுறை கேட்டதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்கிற பெண் என்று கச்சேரியில் பெயர் வாங்கியவள் நான். பத்து வரி எண் எனக்கு ஒரு பொருட்டா. அந்தப் பெண் "சுப்பர்" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது.

மாற்றம் ஏதும் உண்டா? இல்லை. அடித்தாள்.

பிறகு படம். படம் எடுப்பவர் ஃப்ராவ் கெல்லர். மூன்றாம் முறை என்பதால் என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிவிட்டார். நாடியை ஒரு தட்டில் வைத்து, நெற்றியைப் பட்டியில் அழுத்தி, ஒரு சின்ன விளக்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கையில் ஊசியால் மஞ்சள் மருந்து ஏற்றுவார்கள். அது இரத்தத்தோடு ஓடிக் கண்ணுக்குப் போகும்போது நீல வெளிச்சம் அடித்து அடித்துப் படம். குழாயில் ஓட்டை இருந்தால் மருந்து வெளியே கசியும், படத்தில் வெள்ளையாக விழும். தொண்டையில் ஒரு சூடு, பிறகு குமட்டல், அரை நிமிடத்தில் போய்விடும். ஃப்ராவ் கெல்லர் விடாமல் பேசிக்கொண்டே எடுப்பார். சிமிட்டாதே, நல்லது, இன்னும் அகலமாக, நல்லது, அருமை. கலியாண வீட்டுப் படக்காரர் கெட்டார்.

பத்து நிமிடம் கழித்துக் கடைசிப் படங்கள். இந்த முறை அவர் பேச்சு நடுவில் நின்றுவிட்டது. இரண்டு படம் அதிகமாக எடுத்தார். கேட்டேன். தான் படம் எடுப்பவள், படத்தைப் பற்றிச் சொல்வது டொக்டரின் வேலை என்றார். என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

வெளியே இருந்தபோது ஒரு பெண் வந்து தமிழில் பேசினாள். தூக்கிவாரிப் போட்டது. ஷமீமா, மேலப்பாளையம், ஸ்டுட்கார்ட்டில் ஆராய்ச்சி மாணவி. வியாழன்தோறும் இங்கே வருகிறாளாம். கதிர்வீச்சு எடுத்தவர்களின் கண் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பழையதையும் புதியதையும் குழாய்க்குக் குழாய் பொருத்தி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பதுதான் அவள் வேலை.

"மாறாததெல்லாம் கறுப்பாயிடும் அக்கா. என்ன மாறிச்சோ அது மட்டும் வெளிச்சமா நிக்கும்" என்றாள், பெருமையாக.

என் பொய்யும் அதில் வெளிச்சமாக நிற்குமே.


ஒக்டோபர் 10, வெள்ளி

உடம்பு முழுக்க மஞ்சள், சிறுநீரும் அப்படியே. ஒரு நாளில் போகும். இவர் என்னைப் பார்த்து, கலியாணத்தன்றுகூட இவ்வளவு மஞ்சள் பூசவில்லை என்றார். சிரிக்க ஏலாமல் சிரித்தேன்.

இ.க.வால் இன்று தெரிந்தவை: யன்னல். மரம். இவரின் தலைமயிர், காது, சட்டைப் பொத்தான்கள்.
தெரியாதவை: இவரின் மூக்கு. எந்தப் பொத்தானைப் பார்க்கிறேனோ அந்தப் பொத்தான்.

எதை நேராகப் பார்க்கிறேனோ அது போய்விடுகிறது. சுற்றியுள்ளது நிற்கிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது. கட்டி வந்தபோது அழுதேன், இதற்கு அழுகை வரவில்லை. இரண்டு கண்ணும் எனக்கு வேண்டும். ஒன்று போதும் என்று யாரும் எனக்குச் சொல்ல வரக் கூடாது.


ஒக்டோபர் 14, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். வியாழனே வரட்டாம், டெர்மின், டொக்டர் பார்க்கிற நேரம், பத்தரைக்கு. காரணம் எழுதவில்லை.

யோகம் அக்கா: "நல்ல செய்தியெண்டா கடிதம் போடமாட்டினமே பிள்ளை. அப்பிடியே விட்டிருப்பினம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை இல்லை, நல்லதாகவும் இருக்கலாம் என்றார். அடுப்பைத் துடைத்தார். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தார்.

இவர் உடனே அனுமதித் தாளுக்கு ஓடினார். ஒரு கிழமையில் இரண்டு முறையா என்று கேட்டார்களாம். கடிதத்தைக் காட்டியிருக்கிறார்.

பின்னேரம் என்னிடம், போன முறை என்ன சொன்னீர் என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று சொன்னதாகச் சொன்னேன். "அப்ப அதையே சொல்லும். பதறாதையும்" என்றார். பாவம், நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான்தான் சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

என்னைப் பொய்க்காரி என்று பிடிக்கப் போகிறார்கள். படமும் பேச்சும் ஒத்துப்போகாது.


ஒக்டோபர் 16, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

வெயில், நல்ல குளிர். டொக்டர் ப்ரான்ட் ஒரு வெளிச்சப் பெட்டியில் இரண்டு படச்சுருள் துண்டை வைத்திருந்தார். ஒன்று மார்ச், ஒன்று போன கிழமை. ஷமீமாவும் நின்றாள். என்னுடைய இங்கிலீஷ் போதும், ஆனாலும் அவளைத் தமிழில் சொல்லச் சொன்னார்.

மார்ச் படம்: நடுவில் சுத்தமான கறுப்பு, அதைச் சுற்றி மெல்லிய குழாய்கள், ஒழுங்காக.
போன கிழமைப் படம்: அந்தக் கறுப்பின் ஒரு கரையில் சின்னச் சின்னப் பொட்டுகள். அவற்றிலிருந்து வெள்ளை பரவி நடுவுக்கு வந்துகொண்டிருக்கிறது. மேற்பக்கம் ஒரு இடத்தில் குழாய்களே இல்லை.

கதிர்வீச்சு செய்த வேலை. சந்தேகமே இல்லை என்றார்.

பிறகு என் பார்வைத் தாளை எடுத்தார். இதுதான் தனக்கு விளங்கவில்லை என்றார். நடுவில் வீக்கம் இருக்கிற மாதிரித் தெரிகிறது, ஆனால் கடைசி வரி வரை வாசிக்கிறீர்கள். லேசர் வெளிச்சத்தால் ஓட்டைகளை அடைக்கலாம். ஆனால் இடம் பார்வையின் நடுவுக்கு மிகப் பக்கம். இவ்வளவு நன்றாகத் தெரிகிற கண்ணில் அங்கே போய்ச் சுடுவது புத்தி இல்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், ஜனவரியில் வாருங்கள்.

பேனையை எடுத்துவிட்டார்.

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வைத்தியம் வேண்டாம் என்றால் நல்லது என்றுதானே நினைப்பார். பிடிபடுவேன் என்றுதான் பயந்துகொண்டு வந்தேன். பிடிபடாமல் போவேன் என்று நினைக்கவே இல்லை. என் பேச்சை நம்பி என் கண்ணைக் கைவிடப் போகிறார்கள்.

ஷமீமா போகவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் மெதுவாக:

"அக்கா, படத்துல இருக்கறதும் நீங்க சொன்னதும் ஒத்துப் போகலையே. உங்களுக்கு நிஜமாவே எல்லா நம்பரும் தெரியுதா?"

ஒத்துப்போகவில்லை. இவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்தார். நிராகரிப்புக் கடிதத்தில் இருந்த அதே வாசகம். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்பது வயதில், கணக்குப் பிழைத்த பிள்ளை மாதிரி நின்றேன்.

"உமக்குத் தெரியேல்லையோ?" என்று கேட்டார்.

எனக்கு என்ன பயம் என்று அவருக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் வேறாகிவிட்டது. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். என்னில் கோபம் இல்லை, தன்னில்தான்.

"சொல்லும்" என்றார். "முந்திச் சொன்னதை மாத்திச் சொல்லும். என்ன வந்தாலும் நான் பார்க்கிறன். சொல்லும்."

சொன்னேன். இங்கிலீஷில், ஒழுங்காக, திகதியோடு. நாலு கிழமையாகக் கோடுகள் நெளிகின்றன. நேரே பார்க்கும் பொருளின் நடு தெரியவில்லை. போன கிழமை இ.க.வால் வாசித்தவை மூன்று வரி, மற்றவை வ.க.வால் பார்த்து மனப்பாடம் செய்தவை. கச்சேரித் தட்டச்சுக்காரி கொடுத்த வாக்குமூலம், ஒரு சொல் மிச்சம் இல்லை, ஒரு சொல் குறைவில்லை.

டொக்டர் ஏன் என்று கேட்டார். ஷமீமாதான் சொன்னாள். விசாரணை, நாலு நாள், ஐந்து நாள், எல்லாம் இவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஜெர்மனில். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கோப்பு இந்த ஆஸ்பத்திரியை விட்டு எங்கேயும் போகாது என்றார். பிறகு, தன்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் வேறு கதைதான் சொல்வார்கள், கண் மாறுவதால், அதைக் கேட்பதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்றார்.

என் பழைய கூற்றை வெட்டவில்லை. அதன் கீழே இன்றைய திகதி போட்டுப் புதியதை எழுதினார். இரண்டும் அந்தத் தாளில் இருக்கின்றன. ஒன்றும் நடக்கவில்லை. கூரை விழவில்லை.

வேறு பலகை கொண்டுவந்து, இ.க.வால் முதலில் வாசிக்கச் சொன்னார். மூன்று வரி. நாலாவதில் ஐந்தில் நாலு பிழை. எழுதினார்.

லேசர் அடுத்த வியாழன். போன பார்வை எல்லாம் திரும்பும் என்று சொல்லமாட்டாராம், ஆனால் இதே இடத்தில் நிறுத்திவிடப் பார்க்கலாம், கொஞ்சம் திரும்பவும் கூடும். இந்தக் கிழமை வந்தது நல்லது, ஜனவரி என்றால் நடுப்பகுதி போயிருக்கும்.

ரயிலில் இவர் என் கையைப் பிடித்தபடியே வந்தார். எதிரே இருந்த கிழவி பார்த்தாள். விடவில்லை. நான் உமக்கு நல்ல பாடம்தான் சொல்லித் தந்தேன் என்றார், ஒருமுறை மட்டும். நான் வாழைப்பழம் தின்றேன். ஆறு நாளில் முதல் முறை பசி.


ஒக்டோபர் 23, வியாழன்

லேசர் முடிந்தது.

கண்ணை விறைக்க வைக்கும் சொட்டு. பிறகு தடித்த கண்ணாடி ஒன்றைக் கண்ணின்மேலே வைத்துப் பிடித்தார். நாடி தட்டில், தலையைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்தார். பச்சை வெளிச்சம், டிக், டிக், டிக். அறுபத்தேழு வரை எண்ணினேன். நோவு இல்லை, இரண்டு மூன்று முறை மட்டும் உள்ளே சுள்ளென்றது. அசையாதே என்று அவர் சொல்லவே தேவை இருக்கவில்லை. நான் மூச்சுகூடக் கடன் கேட்டுத்தான் விட்டேன்.

முடிந்ததும் இ.க.வில் ஒன்றுமே இல்லை. ஊதா நிறம் மட்டும். பயந்துபோனேன். வெளிச்சத்தின் மயக்கம்தான், மாறும் என்றார்கள். ஒரு மணித்தியாலத்தில் யன்னல் வந்தது. பிறகு இவர். மூக்கு இல்லாமல்தான்.


ஒக்டோபர் 31, வெள்ளி

தீபாவளிப் பலகாரம். யோகம் அக்கா பயத்தம் பணியாரம் சுட்டார், மா இறுக்கமில்லை, எண்ணெயில் விரிந்துவிட்டது. விரிந்ததையும் தின்றோம்.

இ.க.: முன்னையைவிட மோசம். சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டுகள், லேசர் பட்ட இடங்களாம். இப்படித்தான் இருக்கும், பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பொறுக்கிறேன். பொறுமை எனக்கு வராத சாமான்.

மாற்றிச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று காலையில் ஒருமுறை நினைத்தேன். உண்மை, எழுதி வைக்கிறேன். பத்தரைக்குள் அந்த நினைப்பு போய்விட்டது.


நவம்பர் 19, புதன்

முதல் பனி, தங்கவில்லை. துணி காயவில்லை. உள்ளி முடிந்தது.

குசினிச் சுவர், இ.க.: நெளிவு இருக்கிறது. ஆனால் நாலு கல் அகலத்துக்கு இருந்தது இன்று மூன்று கல். நானே மனத்தில் குறைத்துவிட்டேனோ என்று சந்தேகம். இவரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவருக்கு எப்படித் தெரியும், அது என் கண் அல்லவா. ஆனாலும் வந்து நின்று, சுவரைப் பார்த்து, மூன்றுதான் என்றார். மனிதன் பொய் சொல்லப் பழகவே மாட்டார், சொன்னாலும் இப்படித்தான்.


1987 ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஆனால் ஆஸ்பத்திரி. முழங்கால் வரை பனி, ரயில் நாற்பது நிமிடம் பிந்தியது, ஜெர்மன்காரர் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு இந்த நாட்டில் முதல்முறையாக எல்லோரும் எங்கள் ஆட்கள் மாதிரித் தெரிந்தார்கள்.

மஞ்சள் ஊசி, படம். ஃப்ராவ் கெல்லர் இந்த முறை கடைசி வரை பேசினார். நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், குமட்டல்கூட மறந்துபோயிற்று.

பார்வை: இ.க. முதலில். மூன்று வரி, நாலாவதில் இரண்டு பிழை. போன முறை நாலு பிழை. பலகையை மாற்றுகிறார்கள், ஒவ்வொரு முறையும். என் கோப்பின் முன்பக்கத்தில் சிவப்பில் ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறது. ஷமீமாவிடம் கேட்டேன். "இவங்க மனப்பாடம் பண்ணிடுவாங்க, பலகையை மாத்துங்க" என்று எழுதியிருக்கிறதாம். வெட்கக்கேடு. இருந்தாலும் சிரிப்பு வந்தது.


ஜனவரி 22, வியாழன்

படத்தின் முடிவு: பெரிய கசிவு நின்றுவிட்டது. ஒரு ஓரத்தில் சின்னதாக ஒன்று மிச்சம். அதற்கு இன்றைக்கே லேசர், ஒன்பது சூடு மட்டும். பத்து நிமிட வேலை.

ஷமீமா தன் திரையைக் காட்டினாள். பழைய படத்திலிருந்து புதியதைக் கழித்திருந்தாள். கசிவு இருந்த இடம் எல்லாம் வெளிச்சமாக நின்றது. மறுபடி கூடிவிட்டதா என்று கேட்டேன். இல்லை அக்கா, இது குறைஞ்சதைக் காட்டுது என்றாள். நல்லதற்கு மாறினாலும் வெளிச்சம், கெட்டதற்கு மாறினாலும் வெளிச்சமாம். அதை முதலில் சொல்ல வேண்டாமா பெண்ணே.

பொங்கல் சோறு ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன், ஒரு கிழமை பிந்தின பொங்கல். ஷமீமா நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டாள். ஃப்ராவ் கெல்லர் முந்திரிகையை மட்டும் பொறுக்கினார்.


மார்ச் 3, செவ்வாய்

ஊசியில் நூல் கோத்தேன். இரண்டு கண்ணாலும்தான். ஆனால் முதல் தடவையிலேயே.

மேல்முறையீட்டில் இன்னும் பதில் இல்லை. இவர் வக்கீலுக்கு எழுதும் கடிதத்தில் நாலு நாள், ஐந்து நாள் கதையைத் தானே விளக்கி எழுதியிருக்கிறார். பிடித்த நாளைச் சேர்த்தால் இத்தனை, விட்டால் இத்தனை. ஒன்றரை வருடமாக அதைத் தொடப் பயந்தவர். நான் தட்டச்சு செய்து கொடுக்கிறேன் என்றேன். யோகம் அக்காவின் தம்பியிடம் இயந்திரம் இருக்கிறது.


ஏப்ரல் 9, வியாழன்

மழையும் வெயிலும் மாறி மாறி. படம் எடுத்தாயிற்று. கை மஞ்சள். இவர் பகிடி விட்டார், அதே பகிடி.

இ.க., புதுப் பலகை: நாலு வரி முழுதாக. ஐந்தாவதில் ஒரு பிழை, மூன்றை எட்டு என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது இப்போது பழகிவிட்டது. ஆறாவது வரியைச் சும்மா விட்டேன்.

முடிவு அடுத்த கிழமை. எனக்குப் பயம் இருக்கிறது. இல்லை என்று எழுதமாட்டேன்.


ஏப்ரல் 16, வியாழன்

வழி முழுக்கக் கடை யன்னல்களில் சொக்கிலேட் முயல்கள். இவர் ஷமீமாவுக்கு ஒன்று வாங்கினார், பிறகு ஃப்ராவ் கெல்லருக்கும். டொக்டருக்கு வாங்கலாமா கூடாதா என்று மேடு முழுக்க வாதம். வாங்கவில்லை.

படத்தில் கசிவு இல்லை. டொக்டர் ப்ரான்ட் இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். குழாய் இல்லாமல் போன இடம் அப்படியேதான் இருக்கும், அது திரும்பாது. நடுப்பகுதி காய்ந்துவிட்டது. ஐந்தாம் வரி உங்களுடையது, இனி அதைக் காப்பாற்றுவோம் என்றார்.

ஷமீமா திரையைத் திருப்பிக் காட்டினாள். ஜனவரிப் படத்திலிருந்து போன கிழமைப் படத்தைக் கழித்தால், அந்தச் சின்ன ஓரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம். மற்றதெல்லாம் கறுப்பு.

"இவ்வளவு போர் அடிக்கற படம் நான் பாத்ததே இல்ல அக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தாள், அவளும்தான்.

பிறகு டெர்மின் எழுதுகிற மேசை. கண் பழுதானதிலிருந்து ஒரு கிழமை, மூன்று மாதம் என்றுதான் தந்தார்கள். அந்தப் பெண் டொக்டரின் தாளைப் பார்த்து, பெரிய புத்தகத்தில் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனாள். மே, யூன், யூலை தாண்டிப் போனாள். ஆறு மாதம் என்று போட்டிருக்கிறாராம். ஒக்டோபர் 15.

எங்கள் வதிவிடத் தாளில் யூலை 31 வரை என்றுதான் அடித்திருக்கிறது. மூன்று மாதம் மூன்று மாதமாக நீட்டுகிறார்கள், நீட்டாமலும் விடலாம். யூலைக்கு அப்பால் இந்த நாட்டில் எங்களை ஒருவரும் இதுவரை எதற்கும் கூப்பிட்டதில்லை.

ஒக்டோபரில் விடுமுறைக்கு எங்கேயாவது போகிறீர்களா, அந்த நாள் வசதியா என்று கேட்டாள், எல்லோரிடமும் கேட்கிற மாதிரி. இவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன், இரண்டு கண்ணாலும்.

இல்லை, இங்கேதான் இருப்போம் என்று சொன்னேன். ஜெர்மனில், நானே. எட்டரை மணிக்கு என்று எழுதினாள்.